"டாக்டரையே டெண்டர் விட்டு எடுக்குறீங்களாப்பா?"

லேப்டாப்பில் எக்செல் ஷீட் திறந்திருந்தது. கட்டணம், மொழி, படிப்பு, பதிவு எண், செஷன் நேரம், ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று பதினான்கு தலைப்புகள். தலைப்பாக வைத்திருக்கும் கேள்வியை என் பின்னால் நின்று கேட்டது மகள். அந்த ஷீட்டுக்கே காரணம் அவள்தான். கோவையில் படிக்கிறாள், நாங்கள் திருச்சி. கூகுள் மேப்பில் அவள் எங்கே இருக்கிறாள் என்று நான் நாளைக்கு எத்தனை முறை பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் லொகேஷனை அணைத்துவிட்டு, "நான் என்ன கூரியர் பார்சலாப்பா, ட்ராக் பண்றதுக்கு?" என்றாள். பக்கத்தில் இருந்த மனைவி சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

ஆன்லைனில் தெரபிஸ்ட் தேடும் படலம் அப்படித் தொடங்கியது. ஏழெட்டு மாதத்தில் சிலவற்றைப் பயன்படுத்தினேன், சிலவற்றை விசாரித்து விட்டுவிட்டேன். என்னைப் போல 'எல்லாம் நான் சொன்னபடி நடக்கணும்' ரகத்துக்காரர்களுக்கு எது சரிவரும் என்று மட்டும் பார்க்கிறேன். மனச்சோர்வுக்கோ துக்கத்துக்கோ தேடுபவர்களுக்கு என் தரவரிசை அப்படியே பொருந்தாது.

முதலில் ஒன்று. 'கன்ட்ரோல் பண்றார்' என்பது வீட்டில் சொல்கிற வார்த்தை, நோயின் பெயரில்லை. அதற்கு அடியில் பதற்றம் இருக்கலாம்: என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதையே தாங்க முடியாத மனம். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் இருக்கலாம்: கேஸை மூடினோமா என்று ஏழு தடவை பார்ப்பவருக்கு அந்த எண்ணமே தொல்லை, விட முடியாமல் தவிப்பார். பெயரில் ஒரே எழுத்து கூடுதலாக ஓசிபிடி என்று ஓர் ஆளுமைக் கோளாறு உண்டு. அது இருப்பவருக்குத் தான் செய்வதில் குறையே தெரியாது, துணியை இப்படித்தான் மடிக்க வேண்டும், அவ்வளவுதான், தொல்லை மற்றவர்களுக்கு. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஓசிடிக்கு, பயப்படுகிற விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, சரிபார்க்கும் செயலைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் ஈஆர்பி முறைக்கு நல்ல ஆதாரம் உண்டு. அதைப் பயின்றவரிடம் போகாமல், 'பாசிட்டிவா யோசிங்க' என்பவரிடம் போனால் மாதங்கள்தான் வீண்.

இன்னொரு வகையும் இருக்கிறது. மனைவியின் சம்பள கார்டு தன் பையில், அவள் அம்மாவிடம் பேசக்கூடத் தன் அனுமதி, மீறினால் அடி என்றால் அது வேறு கணக்கு. அங்கே தம்பதி கவுன்சிலிங் முதல் படி ஆகாது. ஒரே திரையில் இருவரையும் உட்கார வைத்தால் அவளால் உண்மையைப் பேச முடியாது. அவளுக்குத் தேவை 181 மகளிர் உதவி எண்ணும், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும். அடிப்பவர் தனக்கென்று தனியே ஆள் பார்க்கட்டும்.

இனி கடைத்தெருவுக்கு வருவோம்.

14416

டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கியது; பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் தலைமை மையம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. காசு கிடையாது, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நான் கூப்பிட்டது ஒரு ஞாயிறு மதியம், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றுகொண்டு. பேசிய பெண்ணுக்கு என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். "இது எப்ப அதிகமாகுது சார்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். கடையில் வசூல் இழுத்தடிக்கும் வாரங்களில் மேப்பை அதிகம் பார்த்திருக்கிறேன். இருபது வருடம் கணக்கு எழுதுகிறவனுக்கு இந்தக் கணக்கு தோன்றவில்லை.

ஆனால் உதவி எண் உதவி எண்தான். அடுத்த வாரமும் அதே ஆள், விட்ட இடத்திலிருந்து என்று எதிர்பார்க்கக் கூடாது. தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்குக் கை மாற்றிவிடுவார்கள், எங்கே போவது என்று வழி காட்டுவார்கள். எனக்கு இருப்பதுபோல வருடக்கணக்கில் ஊறிய பழக்கத்துக்கு இது வாசல்படி. வாசல்படியே இல்லாமல் வருடக்கணக்கில் தெருவில் நின்றவன் என்ற முறையில் இதற்கு நல்ல மார்க் போடுவேன்.

ஆப்பும் சாட்டும்

அடுத்து ஒரு செயலி. பெயர் வேண்டாம். மாதச் சந்தா, எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் பேசலாம், வாரம் ஒரு வீடியோ. என் ஷீட்டில் அதிக மதிப்பெண் வாங்கியது இதுதான். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

முதல் நாள் தெரபிஸ்ட்டுக்கு ஒரு செய்தி எழுத உட்கார்ந்தேன். 'மகளைப் பற்றிக் கவலை' என்று ஆரம்பித்து, 'கவலை' என்பதை 'அக்கறை' ஆக்கி, மேப் விஷயத்தை மூன்றாவது பத்திக்குத் தள்ளி, பிறகு அதை நீக்கி, 'சில நேரம் அதிகமாக விசாரிப்பேன்' என்று முடித்து அனுப்பியபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வங்கி லோனுக்கு எழுதும் கடிதம்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது. அந்தத் தெரபிஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது பொறுப்பான ஒரு தகப்பனின் அக்கறை. பதிலும் அதற்கேற்ற மாதிரிதான் வந்தது. அவர்மேல் குறை இல்லை.

கூடவே 'தெரபிஸ்ட்டை மாற்று' என்று ஒரு பட்டன். ஐந்து வாரத்தில் மூன்று பேரை மாற்றினேன். ஒருவர் வயதில் சின்னவர். ஒருவர் பேசும்போது எங்கோ பார்த்தார். மூன்றாமவர் ஆறு நிமிடம் தாமதம். யாரை வேலைக்கு எடுப்பது, யாரை அனுப்புவது என்ற அதே முதலாளி நாற்காலியில்தான் அங்கேயும் உட்கார்ந்திருந்தேன். பட்டன் வேறு சிலருக்கு வரம். பேசவே பயப்படுகிறவருக்குப் பிடிக்காத ஆளிடமிருந்து நழுவ வழி வேண்டும். எனக்கு அது குடிகாரன் வீட்டுப் பக்கத்திலேயே டாஸ்மாக்.

இன்னொரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட தளங்களில் 'தெரபிஸ்ட்', 'கவுன்சிலர்', 'வெல்னஸ் கோச்' எல்லாரும் ஒரே அளவு வட்டப் படத்தில் சிரிப்பார்கள். படிப்பு என்ன என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் அங்கேயே பெரிய சந்தா நிறுவனமான பெட்டர்ஹெல்ப்பில் சேர யோசித்தான். அந்த நிறுவனம் பயனர்களின் மின்னஞ்சல், அவர்கள் நிரப்பிய கேள்வித்தாள் விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2023இல் 78 லட்சம் டாலர் கட்டும் உடன்பாட்டில் முடிந்தது. இதைச் சொன்னதும் அவன், "தமிழ்ல பேசுற ஆள் ஊர்ல இருந்தா சொல்லுண்ணா" என்றான். சொல்லலாம்தான். ஆனால் அங்கே உரிமம் மாநிலத்துக்கு மாநிலம்; இங்கிருப்பவருக்கு அங்கே உரிமம் இருக்காது, அவசரம் என்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது. அவனுக்கு மாலை ஏழு மணி என்றால் இவருக்கு விடிகாலை. கடைசியில் அவன் தன் மாநிலத்திலேயே ஒருவரைப் பிடித்தான்.

சாட்பாட்

இதை நான் தேடிப் போகவில்லை, போனிலேயே இருந்தது. இரவு ஒன்றரைக்கு, 'மகள் எட்டு மணிக்குப் பிறகு போன் எடுக்கவில்லை, பயப்படலாமா?' என்று கேட்டேன். நிதானமாக ஆறுதல் சொன்னது. பத்து நிமிடம் கழித்து வேறு மாதிரி கேட்டேன். மறுபடி ஆறுதல். எட்டாவது தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. பதற்றக்காரனுக்கு உறுதிமொழி என்பது அரிப்புக்குச் சொறிவது மாதிரி. சொறியச் சொறிய அரிக்கும். மனுஷியாக இருந்தால் மூன்றாவது தடவையே "இதையேதான் சார் திரும்பக் கேட்கிறீங்க" என்று நிறுத்தியிருப்பார். எண்ணங்களைக் குறித்து வைக்க, மூச்சுப் பயிற்சிக்கு இதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். என் கோளாறுக்கு இது தீனி.

தனியாக வீடியோவில் பார்க்கும் சைக்காலஜிஸ்ட்

இங்கேதான் நின்றேன், அதனால் கொஞ்சம் விரிவாக.

இந்திய மறுவாழ்வு கவுன்சில் என்று ஒன்று உண்டு, சுருக்கமாக ஆர்சிஐ. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் அதில் பதிவு செய்திருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வருட எம்ஃபில் படித்தவர்கள். பதிவு எண்ணைக் கேட்டால் தருவார்கள், கவுன்சிலின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. எம்எஸ்சி சைக்காலஜியோ சமூகப்பணியோ படித்து, நல்ல மேற்பார்வையில் பழகிய அருமையான கவுன்சிலர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிரச்சினை ஓசிடியா ஓசிபிடியா வெறும் பதற்றமா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய என் போன்ற ஆட்களுக்கு முதல் மதிப்பீட்டையாவது பதிவு பெற்றவரிடம் செய்துகொள்வது நல்லது.

நான் விசாரித்த வரையில் ஐம்பது நிமிடத்துக்கு 800 முதல் 2,500 ரூபாய் வரை. வாரம் ஒன்று என்றால் கை கடிக்கத்தான் செய்யும். ஒருவர் போனிலேயே, "கவலையே படாதீங்க சார், நாலே செஷன்ல சரி பண்ணிடலாம்" என்றார். அவரை விட்டுவிட்டேன். இன்னொருவர், "முதல் ரெண்டு மூணு செஷன் கேள்விதான் கேட்பேன். வீட்டுல சின்னச் சின்ன வேலை தருவேன், அது உங்களுக்குப் பிடிக்காது" என்றார். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

வீடியோவில் எழுதி அழிக்க முடியாது. இரண்டாவது செஷனில் அவர் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போது, திரையில் என் பின்னாலிருந்த பில் புத்தக அடுக்கு சாய்ந்திருப்பது தெரிந்தது. எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம். பிறகு, "நான் கேட்டது என்னன்னு ஞாபகம் இருக்கா சார்?" என்றார். இல்லை. அவர் கேட்டது என் அப்பாவைப் பற்றி. சாட்டில் இது நடந்தே இருக்காது.

அவர் தந்த முதல் வேலை: ஒரு வாரம் எவர்சில்வர் பாத்திரங்களை மனைவி அடுக்கியபடியே விட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். புதன்கிழமை இரவு தண்ணீர் குடிக்கப் போனவன், டம்ளர்களுக்கு நடுவில் சொருகியிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று மனைவியைக் கேளுங்கள். "என்னங்க, சாமி வந்துடுச்சா?" என்றாள்.

ஆன்லைனில் செய்தால் பலிக்குமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சையை இணையவழியில் செய்தாலும் நேரில் செய்வதற்குச் சமமாகப் பலன் தருகிறது என்று 2018இல் கார்ல்பிரிங் குழுவினர் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். விளம்பரங்களில் இதைப் பெரிதாகப் போடுவார்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் பாடம் பாடமாக வடிவமைத்த, வழிகாட்டியோடு கூடிய திட்டங்களைப் பற்றியவை. வாராவாரம் 'அப்புறம் சொல்லுங்க' என்று பேசுவதைப் பற்றியவை இல்லை. அதனால் வீட்டுவேலை தராதவரிடம் அந்தப் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

வீடியோவுக்குப் பெரிய இடைஞ்சல் நம் வீடுகள்தான். ஹாலில் சீரியல், சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா. யாரைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர்களே காபி கொண்டு வருவார்கள். நான் இப்போது தெருமுனையில் புங்கை மரத்தடியில் காரை நிறுத்தி, இயர்போன் மாட்டி, போனை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்துப் பேசுகிறேன். இஸ்திரி வண்டிக்காரர் நான் ஏதோ ரகசிய வியாபாரம் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மருத்துவர்

மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலுக்குப் பிறகு ஆன்லைனிலும் பார்க்கலாம், ஆனால் எல்லா மருந்தையும் அப்படி எழுத முடியாது. தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்து, சரிபார்ப்பதிலேயே மணிக்கணக்கில் போகிறது என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இவர்தான். பேசிப் பேசிப் பழக்கத்தை மாற்றும் வேலைக்கு அவருக்கு நேரம் இருக்காது. என் சைக்காலஜிஸ்ட்டே ஒருமுறை பார்த்துவரச் சொன்னார். அதற்கு மட்டும் அரசு மருத்துவமனைக்கு நேரில் போனேன். மருந்து வேண்டாம், தெரபியைத் தொடருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வரிசைப்படுத்தச் சொன்னால், எனக்குப் பிடி கொடுக்காததுதான் மேலே. சாட்டில் சொல்லை மாற்றலாம், ஆப்பில் ஆளை மாற்றலாம், சாட்பாட்டில் கேள்வியை மாற்றிப் பதிலை வாங்கலாம். செவ்வாய் இரவு ஏழு மணி, அதே முகம், ரத்து செய்தால் முழுப் பணம் போய்விடும் என்பதில் என்னால் மாற்ற முடிந்தது காரை நிறுத்தும் இடம் மட்டும். என் ஷீட்டில் இது கீழிருந்து இரண்டாவதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் மேடம், செவ்வாய்க் கிழமை செஷனை வியாழனுக்கு மாற்றியதாகச் செய்தி அனுப்பினார், காரணம் சொல்லவில்லை. நான்கு வரியில் பதில் அடித்தேன். பிறகு அழித்துவிட்டு 'சரிங்க மேடம்' என்று மட்டும் அனுப்பினேன்.