ஒட்டுத்துணிப் போர்வையை மிஷினில் முடிக்க: எந்தத் தையல், எந்த ஓரம்?

மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊக்கு குத்திச் சேர்த்த பிறகு இரண்டு கேள்விகள் மிச்சம்: அடுக்குகளை எப்படிப் பிணைப்பது, ஓரத்தை எப்படி மூடுவது. எந்த வழியில் போனாலும் அடித்துணி நாலு பக்கமும் 3 முதல் 4 அங்குலம் வெளியே நீண்டிருக்க வேண்டும். ஊக்குகளுக்கு இடையே உள்ளங்கை அகலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. இதில் சோம்பினால் பிறகு மிஷினில் எந்த ஃபுட்டும் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) காப்பாற்றாது.

வாக்கிங் ஃபுட்டா, ஃப்ரீ மோஷனா?

சாதாரண ஃபுட்டில் கீழே இருக்கும் பல் அடித்துணியை நகர்த்தும்; மேல்துணி பின்தங்கி, கோட்டின் முடிவில் மடிப்பாகக் குவியும். வாக்கிங் ஃபுட்டுக்கு மேலேயும் பல் உண்டு. மேலும் கீழும் சேர்ந்து நகர்வதால் நேர்கோடு, கட்டம், மெல்லிய வளைவு எல்லாம் சுலபமாக வரும். தையல் நீளம் 3 மி.மீ., ஊசி 90/14. முதலில் நடுவில் இருக்கும் ஒரு மூட்டின் மேலேயே ஒரு தையல் ஓட்டிவிட்டு, அங்கிருந்து ஓரம் நோக்கிப் போங்கள். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை எதிரெதிர்த் திசையில் ஓட்டினால் இரண்டுக்கும் நடுவில் துணி சாய்வாகச் சுருங்கும். எல்லாக் கோட்டையும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் இதற்கு மருந்து. போர்வை மேஜையிலிருந்து தொங்கவும் கூடாது. அந்தக் கனம் ஊசியை இழுத்து வளைக்கும், தையல் குட்டையாகும்.

ஃப்ரீ மோஷனில் பல்லை இறக்கிவிட்டு டார்னிங் ஃபுட் மாட்டுகிறோம். துணியை நகர்த்துவது உங்கள் கை. தையல் நீளம் மிஷின் வேகத்துக்கும் கை வேகத்துக்கும் உள்ள பொருத்தத்தில் இருக்கிறது. இலை, சுழி, பூ என்று எதையும் போடலாம், போர்வையைத் திருப்பவே வேண்டாம். ஆனால் வளைவில் கை ஓடிவிட்டால், அடிப்பக்கம் கண்ணிமை மாதிரி நூல் வரிசையாக நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே கையை நிதானமாக்குங்கள். மிதி ஒரே சீராக இருக்கட்டும். பாபின் நூல் (கீழ்நூல்) புள்ளி புள்ளியாக மேலே எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன், அதாவது மேல்நூலின் இறுக்கம், அதிகம். மேல்நூல் கீழே வளையமிட்டால் டென்ஷன் குறைவு. கீழே நூல் கூடாகவே குவிந்தால் டென்ஷனைத் திருகும் முன் நெம்புகோலைப் பாருங்கள்: ஃபுட்டை இறக்க மறந்திருப்பீர்கள், டென்ஷன் தட்டுகள் திறந்தே இருக்கும். தொடங்கும்போது பாபின் நூலை மேலே எடுத்து, நாலைந்து பொடித் தையல் போட்டுப் பூட்டுங்கள்.

முதல் போர்வைக்கும், அடிக்கடி துவைக்கும் போர்வைக்கும் வாக்கிங் ஃபுட்தான் சரி. ஃப்ரீ மோஷன் வேண்டுமென்றால் அதே துணி, அதே பஞ்சு வைத்து 14 அங்குலச் சதுரங்கள் சிலவற்றைத் தைத்துக் கை பழகிய பிறகு போர்வையில் தொடுங்கள். கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடலாம் என்பது பஞ்சைப் பொறுத்தது, உறையிலேயே எழுதியிருக்கும். அதை மீறினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு திரளும்.

ஓரம்

மூன்று வழிகள். உறைபோலத் தைத்துப் புரட்டுவது சின்னப் போர்வைக்கு மட்டும். ஓரத்தை மூடிய பிறகு நடுவில் தைப்பதால், நகரும் துணிக்குப் போக இடமில்லை, மடிப்பு விழும்.

அடித்துணியை முன்பக்கம் மடிப்பது சிக்கனம்: மேல்துணியின் ஓரத்தோடு பஞ்சை வெட்டி, அடித்துணியை 1 அங்குலம் விட்டு, இரண்டு மடிப்பு மடித்தால் அரை அங்குல ஓரம் கிடைக்கும். பஞ்சை வெட்டும்போது கத்தரி அடித்துணியையும் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதன் குறை வேறு: விளிம்பில் ஒற்றைத் துணிதான், சீக்கிரம் தேயும், மாற்றவும் முடியாது.

தனிப் பைண்டிங்கில், அதாவது ஓரத்தைச் சுற்றித் தனித் துணிப்பட்டை வைத்துத் தைப்பதில், 2.5 அங்குலப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடிக்கிறோம். விளிம்பில் இரண்டு அடுக்கு. தேய்ந்தால் பிரித்து வேறு வைக்கலாம். 50க்கு 60 அங்குலப் போர்வையின் சுற்றளவு 220. கூடுதலாக 10 சேர்த்தால் 230. 40 அங்குலப் பட்டை 6 இருந்தால் 240 வருகிறதே என்று தோன்றும். பட்டைகளைச் சாய்வாக இணைக்கும் ஒவ்வொரு மூட்டும் 2.5 அங்குலத்தை விழுங்கும், ஐந்து மூட்டில் 12.5 போய்விடும். ஆகவே 7 பட்டை வெட்டுங்கள்.

இதை மிஷினிலேயே முடிக்க, பட்டையைப் பின்பக்கம் கால் அங்குலத்தில் தைத்து, முன்பக்கம் மடித்து, பட்டையின் மடிப்பு விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே மேல்தையல் போடுங்கள். கையால் ஹெம்மிங் செய்வதானால் தலைகீழ்: முன்பக்கம் தைத்துப் பின்பக்கம் மடிக்க வேண்டும். கைத்தையல் கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஒரு மாலை முழுக்க வேலை வாங்கும். மிஷின் தையலின் இரண்டாவது கோடு பின்பக்கம் தெரியும்; பாபினில் அடித்துணியின் நிறத்து நூலைப் போட்டால் உறுத்தாது. இரண்டிலும் மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்துங்கள். பட்டையை மேலே சாய்த்து மடித்து, அடுத்த ஓரத்தோடு ஒட்டிக் கீழே இறக்கி, விளிம்பிலிருந்தே மறுபடி தொடங்கினால் மூலை கூராக வரும்.