கிடா வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்: 85,000 ரூபாய் போச்சு

பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆடு வளர்க்கும் நம் ஆட்கள் எல்லோரும் இதைப் படியுங்கள். கிடா வாங்கி ஏமாந்த புகாருக்கு, அதை விளம்பரம் செய்த செயலிக்காரர்களின் கடைசி பதில் இன்று காலையில்தான் வந்தது. "இது வாங்குபவர், விற்பவர் இடையிலான விஷயம். புகார் முடித்துவைக்கப்படுகிறது." 85,000 ரூபாய்க்கு இரண்டே வரி. கை நடுங்குகிறது, அதோடுதான் எழுதுகிறேன்.

ஆனேகல் பக்கம் மச்சானோடு சேர்ந்து சின்னதாகப் பட்டி போட்டிருக்கிறேன். தலைச்சேரி இனப் பெட்டைகள் 14. நான் இருப்பது அல்சூரில், ஆடுகளைப் பார்ப்பது மச்சான். போயர் என்ற இறைச்சி இனக் கிடா சேர்த்தால் குட்டி எடை கூடும் என்று, கால்நடை விற்கும் ஒரு செயலியில் தேடினோம். "விந்துப் பரிசோதனை செய்த கிடா, சான்றிதழுடன்" என்று ஹொசகோட்டைக்கு அந்தப் பக்கமுள்ள ஒரு பண்ணை விளம்பரம் போட்டிருந்தது. அந்தச் சான்றிதழுக்காகத்தான் போனோம். ஒரு பெட்டை மலடானால் நஷ்டம் அந்த ஒன்றோடு நிற்கும். கிடா சரியில்லை என்றால் பட்டி முழுக்க அந்த ஈற்றே கிடையாது.

நாங்கள் பேசியதைக் கேட்டதுமே பண்ணைக்காரர், "அண்ணா தமிழா? எனக்கு ராயக்கோட்டை பக்கம்" என்றார். டீ வந்தது. "நம்ம ஆளுங்களுக்கு வாயால சொல்ல மாட்டேண்ணா, கண்ணால பாத்துட்டு வாங்கிட்டுப் போங்க" என்று கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

பெட்டை ஒன்றை மரச்சட்டத்தில் கட்டினார்கள். விந்து பிடிக்கும் செயற்கை யோனிக் குழாயின் இரட்டைச் சுவருக்குள் வெந்நீர் ஊற்றி, தெர்மாமீட்டர் விட்டு 42 டிகிரி வந்ததும் உள்ளே வழுவழுப்புத் தடவினார்கள். கிடா தாவியது, உதவியாள் பக்கவாட்டில் பிடித்தான், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கண்ணாடிக் குப்பியில் ஒரு மில்லி அளவுக்கு, கெட்டியாக, பாலாடை நிறத்தில் விந்து. சூடாக்கிய ஸ்லைடில் ஒரு சொட்டு வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். உலை கொதிப்பது போல அலை அலையாகப் புரண்டது. "அஞ்சுக்கு நாலு மார்க்குண்ணா" என்றார். அத்தனையையும் என் போனில் எடுத்தேன். அங்கேயே 85,000 ரூபாயை அனுப்பினேன்.

"காது டேக் மாத்தி, இன்சூரன்ஸ் எழுதி, ராத்திரி வண்டில அனுப்பிடறேண்ணா. வெயில்ல கொண்டுபோனா கிடாவுக்கு ஆகாது" என்றார். வெயில் கிடாவின் விந்தைக் கெடுக்கும் என்பது உண்மை. உண்மையைச் சொல்லியே ஏமாற்றுகிறார்கள் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல். இருட்டில் வண்டி வந்தது, மச்சான் இறக்கிக் கட்டினார்.

பருவத்துக்கு வந்த பெட்டைகளைச் சேர்த்தோம். கிடா நன்றாகத்தான் ஏறியது. 21 நாளில் ஒவ்வொன்றாக மறுபடி பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தன. ஒன்றுகூடச் சினை நிற்கவில்லை.

போன் போட்டால், "இடம் மாறின அதிர்ச்சிண்ணா, விடுங்க". அடுத்து, "பெட்டைக்கு மினரல் மிக்சர் குடுங்க". பிறகு உதவியாள் எடுத்து அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார் என்றான். வாட்ஸாப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

சரி என்று கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்தோம். மைக்ராஸ்கோப்புக்குப் போகும் முன்பே அவர் விரைகளைக் கையால் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவில், அமுக்கினால் விறைப்பாக இருக்க வேண்டுமாம். இதற்கு இடது விரை சிறுத்துத் தொளதொளவென்று இருந்தது, அதன் அடியிலுள்ள சுருள் குழாயில் கல் மாதிரி ஒரு முடிச்சு. பிறகு விந்து எடுத்தார். பல நாள் விட்டு எடுத்தால் முதல் தடவை செத்த அணுக்கள் கூடுதலாக வரலாம் என்று, சற்றுப் பொறுத்து இன்னொரு தடவையும் எடுத்தார். இரண்டும் தண்ணீராக இருந்தன. அலையே இல்லை. சாயம் போட்டபோது பெரும்பாலும் இளஞ்சிவப்பு, அதாவது செத்தவை. உயிருள்ள அணு சாயத்தை ஏற்காது.

அந்த மருத்துவர் நிதானமானவர். ஆட்டுக்கிடாவில் ஒரு விந்தணு உருவாக ஏழு வாரம் போல ஆகும், முன்பு காய்ச்சல் வந்திருந்தாலும் இப்போது இப்படித் தெரியும், இரண்டு மாதம் விட்டுப் பார்க்கலாம் என்றார். காத்திருந்தோம். மறுபடியும் அதே கதை. முடிச்சைப் பார்த்துப் புருசெல்லா என்ற தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தமும் எடுத்தார். நல்லவேளை, நெகட்டிவ். அது மனிதருக்கும் தொற்றும், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இந்த ரிப்போர்ட்டை அனுப்பியதும் பண்ணைக்காரருக்கு வாய் திறந்தது. "உங்க டாக்டர் ஜில்லுனு இருக்கற ஸ்லைடுல பாத்திருப்பாருண்ணா, செத்த மாதிரிதான் தெரியும்." குளிர்ந்த கண்ணாடியில் நல்ல விந்தும் அசையாது, வாஸ்தவம்தான். ஆனால் எங்கள் டாக்டர் ஸ்லைடைச் சூடாக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அன்று ராத்திரி மச்சான்தான் பழைய வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வீடியோவிலுள்ள கிடாவுக்கு இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புத் திட்டு. எங்கள் பட்டியில் நிற்பதற்குத் திட்டே இல்லை, தோள் முழுக்க வெள்ளை. போயர் கிடா எல்லாம் வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை என்கிற தைரியம். நல்ல கிடாவைக் காட்டிவிட்டு மலட்டுக் கிடாவை ஏற்றியிருக்கிறான்! சான்றிதழில் இருப்பதோ பழைய டேக் எண். தேதி இல்லை, மருத்துவரின் பதிவு எண் இல்லை, "அசைவு 85%" என்று மட்டும் கொட்டை எழுத்து.

ஹெசரகட்டாவில் மத்திய அரசின் உறைவிந்து நிலையமே இருக்கிற ஊர் இது. உறைய வைத்த மாட்டு விந்து அடைத்த சின்னக் குச்சி ஒன்றில் 2 கோடி அணு இருக்க வேண்டும், உருக்கிய பிறகு பாதியாவது அசைய வேண்டும் என்று தரம் வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவன் இதைச் செய்கிறான், செயலிக்காரர்கள் "நாங்கள் அறிமுகம் மட்டும்தான்" என்கிறார்கள். கமிஷன் மட்டும் அறிமுகம் இல்லையா?

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. விந்து எடுக்கும்போது கிடாவின் முகம், காது டேக், உடம்பின் இரண்டு பக்கம் எல்லாம் ஒரே வீடியோவில் வரட்டும். டேக் மாற்றுகிறேன் என்றால் விடாதீர்கள். பாதிப் பணத்தைக் கிடாவை இறக்கிப் பார்த்த பிறகு கொடுங்கள், அதுவும் பகலில். உங்கள் டாக்டரைக் கூட்டிப்போங்கள், விரையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புருசெல்லா பரிசோதனை கட்டாயம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன், போலீசுக்கும் போகிறேன். ஹொசகோட்டை பக்கம் இதே மாதிரி கிடா வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் வீடியோ, பணம் அனுப்பிய ரசீதோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள். சேர்ந்தே மனு கொடுப்போம்.