சேற்றுக்கு ஒரு நிறம், உப்புக்கு ஒரு பூச்சு: என் காரின் சக்கரமும் பிரேக்கும்

டெல்டாவில் ஓடும் காருக்குக் கறுப்புச் சக்கரம் வேண்டாம். ஷோரூம் வெளிச்சத்தில் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் சம்பா அறுவடையின்போது டிராக்டர்கள் வயலிலிருந்து தார்ச்சாலைக்கு இழுத்து வரும் களிமண் காய்ந்து வெளிறியதும், கறுப்பின்மேல் அது திருநீறு பூசியதுபோல் தெரியும். வெள்ளி நிறத்தில் வேறு தொல்லை. பிரேக்கிலிருந்து உதிரும் பொடியில் இரும்புத் துகள் உண்டு. அது சூடாக வந்து ஒட்டி, மழையில் துருவேறி, பழுப்புப் புள்ளிகளாக உறைந்துவிடும். இரண்டையும் ஓரளவு மறைப்பது கன்மெட்டல் என்னும் அடர் சாம்பல் நிறம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று வேலை நிமித்தம் அலையும் என் காருக்கு அதைத்தான் பூசினேன். பல ஐப்பசி, கார்த்திகை மழைகளுக்குப் பிறகும் அதில் எனக்குக் குறையில்லை.

காரோடு வந்தவை முகப்பை இயந்திரத்தில் சீவிப் பளபளப்பாக்கிய அலாய் சக்கரங்கள். அந்த வகையில் வெற்று அலுமினியத்தின்மேல் கிளியர் கோட் என்னும் மெல்லிய நிறமற்ற பூச்சு மட்டுமே இருக்கும். கல் தெறித்து ஒரு கீறல் விழுந்தால் போதும். உப்பு ஈரம் உள்ளே புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே வெள்ளை இழைகளாக அரித்துக்கொண்டு போகும். அகஸ்தியன்பள்ளி உப்பளப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். பாலிஷ் போட்டு அதைப் போக்க முடியாது. பழைய பூச்சு முழுவதையும் நீக்கியாக வேண்டும்.

நீக்கிவிட்டுப் பவுடர் கோட்டிங் செய்தேன், திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில். மின்னேற்றம் பெற்ற பொடியைத் தூவி, அடுப்பில் ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி வரை சூடாக்கி உருக வைக்கிறார்கள். ஜன்னல் கிரில்லுக்கும் பீரோவுக்கும் இதைச் செய்யும் கடைகள் நம் ஊர்களிலேயே உண்டு, கூலியும் குறைவு. ஆனால் அலாயின் வலிமை வெப்பப் பதனிடலில் வந்தது. அடுப்பின் சூடோ நேரமோ கூடினால் அது தளரும். எத்தனை டிகிரி என்று கேட்டால் விழிக்கிற கடையில் சக்கரத்தைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தைத் தாங்கும் ஹப்போடு பொருந்தும் பின்முகத்திலும் போல்ட் அமரும் குழிகளிலும் பொடி ஏறாமல் மறைத்திருக்கிறார்களா என்றும் நின்று பார்க்க வேண்டும். அங்கே பூச்சு தடித்திருந்தால் நாளடைவில் அமுங்கி, போல்ட் இளகிவிடும். எப்படியும் மாட்டிச் சிறிது தூரம் ஓட்டிய பின் மறுபடி முறுக்கிவிடுவது நல்லது.

பூச்சு இதுவரை எங்கும் உரியவில்லை, வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உரசிய ஓரிடத்தைத் தவிர. அந்த இடத்தில் சாதாரணப் பெயிண்ட் தொட்டு வைத்தேன். நிறம் பொருந்தவே இல்லை. பவுடர் கோட்டிங்கின் பெரிய குறை இதுதான். வாட்டர் சர்வீஸில் ஆசிட் கலந்த திரவத்தைச் சக்கரத்தில் அடிக்க வந்தால் தடுத்துவிடுகிறேன். ஷாம்பூவும் பிரஷ்ஷும் போதும்.

எஞ்சின் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வால்வு கவருக்குச் சுருக்கம் விழும் கறுப்புப் பூச்சு கொடுத்தேன். அழகு, ஆனால் சுருக்கங்களுக்குள் புழுதி புகுந்தால் எளிதில் வராது. எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்கு 600 டிகிரி தாங்கும் சிலிகோன் வகைப் பெயிண்ட். துருவை முழுக்கச் சுரண்டி, படிப்படியாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் அது நிற்கும். எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தில் மட்டும் எதுவும் பூசக் கூடாது, மின்சாரம் தடைபடும்.

பிரேக் பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பருக்குச் சிவப்பு என்பது என் மகனின் ஆசை. "எதற்கு சார் சிவப்பு? உங்கள் சக்கரத்தின் கம்பிகள் இவ்வளவு அகலம். கழற்றும்போது நான் மட்டும்தான் பார்ப்பேன்" என்றார் மெக்கானிக். அவர் சொன்னது சரி. ரப்பர் உறை, பிரேக் ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள், சறுக்கு ஊசிகள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, வெப்பம் தாங்கும் பெயிண்டைப் பிரஷ்ஷால்தான் அடித்தார். ஆனாலும் பிரேக் ஆயில் மாற்றும்போது சிந்திய சொட்டுகளில் நிப்பிளைச் சுற்றிப் பெயிண்ட் குமிழ்ந்து வந்துவிட்டது. கிளைகோல் (glycol) வகை பிரேக் ஆயில் பெயிண்டைக் கரைக்கும். சிந்திய உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மிச்சச் சிவப்பும் இப்போது செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அடுத்த முறை சாம்பல் நிறம் என்று மகனிடமே சொல்லிவிட்டேன்.

பின் பிரேக் டிரம்முக்கு அடித்த கறுப்புக்கு ஆன செலவு மிகக் குறைவு, பலன் அதிகம். வெற்று வார்ப்பிரும்பாக இருந்தபோது துரு செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. இப்போது அது நின்றுவிட்டது. டிஸ்க்கில் பேட் உராயும் முகத்தை மட்டும் எந்தப் பெயிண்டும் தொடக் கூடாது. வேதாரண்யத்தில் ஓர் இரவு நின்ற காரில் அந்த முகம் காலையில் செம்பழுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். முதல் சில பிரேக்கிலேயே தேய்ந்து போய்விடும்.