துருக்கி ஜனநாயகம்: ஏகேபியா, சிஎச்பியா?

துருக்கியில் ஜனநாயகச் சீர்திருத்தத்துக்கு யாரை நம்பலாம் என்று கேட்டால், அதிபர் எர்டோகனின் ஆளும் கட்சியான ஏகேபி, நவீன துருக்கியின் நிறுவனர் அதாதுர்க் தொடங்கிய, இப்போது எதிர்க்கட்சியாக இருக்கும் சிஎச்பி இரண்டின் பழைய கணக்கையும் புரட்டித்தான் ஆக வேண்டும். 2002-ல் ஆட்சிக்கு வந்த ஏகேபிதான் 2004-ல் மரண தண்டனையை முழுவதுமாக ஒழித்தது, 2005-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சையும் தொடங்கியது. மதச்சார்பின்மையைக் காப்பதாகச் சொன்ன சிஎச்பியோ, பல்கலைக்கழகங்களில் பெண்கள் முக்காடு அணிய வழிவிட்ட 2008 திருத்தத்தை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் ரத்து செய்ய வைத்தது. அப்புறம் நிலைமை தலைகீழானது. 2017 பொது வாக்கெடுப்பில் சுமார் 51 சதவீத ஆதரவோடு பிரதமர் பதவியையே ஒழித்து, நிர்வாக அதிகாரம் முழுவதையும் அதிபரிடம் குவித்தது ஏகேபி. சிஎச்பி அதை எதிர்த்தது, நாடாளுமன்ற முறைக்கே திரும்ப வேண்டும் என்கிறது. சரி, ஆனால் 2016-ல் எம்.பி.க்களை வழக்குகளிலிருந்து காக்கும் சட்டப் பாதுகாப்பை நீக்க சிஎச்பியின் அப்போதைய தலைவர் கிலிச்தாரோலு ஆதரவு தந்ததையும், அதனால் அதே ஆண்டு குர்து ஆதரவுக் கட்சித் தலைவரும் எம்.பி.யுமான டெமிர்தாஷ் சிறைக்குப் போனதையும் என்னால் மறக்க முடியாது. இருந்தும் இன்று நான் சிஎச்பி பக்கம்தான்: 2024 உள்ளாட்சித் தேர்தலில் அந்தக் கட்சி நாட்டிலேயே முதலிடம் பிடித்த மறு ஆண்டே, அதன் இஸ்தான்புல் மேயர் இமாமோலு சிறையில் அடைக்கப்பட்டார், அதைச் செய்யும் ஆட்சியிடம் சீர்திருத்தத்தை எதிர்பார்ப்பது வீண்.