ஸ்டீயரிங் கோணல்னு காரை விட்டா ஏர்பேக் லைட்டோட திரும்பி வருது: 7,400 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

கோயம்புத்தூர்ல கார் வச்சிருக்கறவங்க இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. கடை பேரு போடல. பெரிய டயர் கடை, டைல்ஸ் போட்ட தரை, ஏசி வெயிட்டிங் ரூம், சக்கரக் கோணத்தை அளக்கற த்ரீ-டி அலைன்மென்ட் மெஷின், அந்த மாதிரி இடம். பில் 7,400 ரூபாய். அதுல உருப்படியா நடந்த வேலை வீல் பேலன்சிங் மட்டும்தான். நீங்க எதைக் கவனிக்கணும்னு கடைசியில சொல்றேன், முதல்ல என்ன பண்ணாங்கன்னு கேளுங்க.

வண்டி மாருதி ஸ்விஃப்ட். புகார் ஒண்ணே ஒண்ணு: நேர் ரோட்டுல போகும்போது ஸ்டீயரிங் வலது பக்கம் 10 டிகிரி சாஞ்சு நிக்குது. வண்டி எந்தப் பக்கமும் இழுக்கல, உதறல் இல்ல, டயர் தேய்மானம் சமமா இருக்கு. வேலை தெரிஞ்சவன் இந்த மூணையும் கேட்டாலே போதும், மொத்த டோ (மேல இருந்து பாத்தா முன் சக்கரம் ரெண்டும் உள்ள, வெளிய திரும்பியிருக்கற அளவு) கிட்டத்தட்ட சரியா இருக்கு, சக்கரத்தைத் திருப்பற ரெண்டு டை ராடுல ஒண்ணு நீளமாவும் ஒண்ணு குட்டையாவும் ஆயிருக்குன்னு கண்டுபிடிச்சிருவான். சின்னக் கார்கள்ல ஸ்டீயரிங் ஏறக்குறைய 15 டிகிரி திரும்பினா சக்கரம் 1 டிகிரி திரும்பும். அப்போ 10 டிகிரி கோணல்னா சக்கரத்துல முக்கால் டிகிரிகூட இல்ல. ஸ்விஃப்ட் மாதிரி ரேக் (ஸ்டீயரிங் திரும்பும்போது டை ராடை இடம் வலமாத் தள்ற பல் தண்டு) முன் ஆக்சிலுக்குப் பின்னாடி இருக்கற வண்டியில ஸ்டீயரிங் வலது பக்கம் சாஞ்சிருந்தா, இடது டை ராடை நீட்டணும், வலது டை ராடை அதே அளவு குறைக்கணும். ரெண்டும் சமமா மாறினா மொத்த டோ அசையாது, ஸ்டீயரிங் மட்டும் நடுவுக்கு வந்துரும். ரெண்டு லாக் நட்டு, ரெண்டு ஸ்பேனர், அரை மணி நேரம். அவ்வளவுதான் வேலை.

அங்க நடந்தது வேற. சக்கரத்துல மெஷினோட கிளாம்ப் மாட்டின உடனே ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாங்க. பாதிக்கு மேல சிவப்பு, அதாவது அளவு சரியில்லைன்னு அர்த்தம். "சார், கேம்பர் ரெட்டு, கேஸ்டர் ரெட்டு, டோவும் ரெட்டுங்க. இப்படியே ஓட்டினீங்கன்னா ரெண்டு மாசத்துல டயர் போயிரும்"னு அந்தத் தம்பி அவ்வளவு மரியாதையா, அவ்வளவு பொறுமையா ஒவ்வொண்ணா விளக்கினாரு. கம்ப்யூட்டர் காட்டுது, பையனும் விவரமாப் பேசறான், அப்புறம் என்ன சந்தேகம் வரும்? "பண்ணிருங்க"ன்னு சொன்னது அந்த இடத்துலதான்.

அந்தச் சிவப்பு ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கங்க. கிளாம்ப் மாட்டினதும் வண்டியை முன்னயும் பின்னயும் கொஞ்சம் உருட்டணும். ரிம்முல இருக்கற வளைவு, கிளாம்ப் கோணலா உக்காந்தது எல்லாத்தையும் மெஷின் அப்பதான் கழிச்சுக் கணக்குப் போடும். இங்க உருட்டவே இல்ல. காத்து செக் பண்ணல. டிக்கியில இருந்த சாமானை இறக்கல. மெஷின்ல எந்த மாடல், எந்த வருஷம் தேர்ந்தெடுத்தாங்கன்னும் காட்டல. மாடல் தப்பாப் போட்டா நல்ல வண்டியும் சிவப்பாத்தான் தெரியும்.

பில்லு இதுதான்: அலைன்மென்ட் 800, பேலன்சிங் வெயிட்டோட 900, கேம்பர் கரெக்‌ஷன் 2,000, டை ராட் எண்டு ஜோடி 2,200, நைட்ரஜன் 300, ஸ்டீயரிங் சென்டரிங் 1,200. கூட்டிப் பாத்துக்கங்க, 7,400.

கேம்பர் கரெக்‌ஷன்ல இருந்து வரேன். இந்த வகை வண்டியில முன்னாடி கம்பெனி கொடுத்திருக்கற அட்ஜஸ்ட்மென்ட் டோ ஒண்ணுதான். கேம்பருக்கும் (முன்ன இருந்து பாத்தா சக்கரம் சாஞ்சிருக்கற அளவு) கேஸ்டருக்கும் (பக்கத்துல இருந்து பாத்தா சக்கரம் திரும்பற அச்சு சாஞ்சிருக்கற அளவு) திருகறதுக்குன்னு தனியா எதுவுமே கிடையாது. பின்னாடி டார்ஷன் பீம், ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கற ஒரே உத்தரம், அதுல எதையுமே மாத்த முடியாது. முன்னாடி கேம்பர் நிஜமாவே விலகியிருந்தா ஷாக் அப்சார்பர், சக்கரத்தை அடியில பிடிக்கற லோயர் ஆர்ம், சக்கரம் மாட்டற நக்கிள் இதுல ஏதோ ஒண்ணு வளைஞ்சிருக்கு, அதைக் கண்டுபிடிச்சு மாத்தணும். கொஞ்சமா விலகினதுன்னா கேம்பர் போல்ட்டுன்னு விக்குது, ஷாக்கையும் நக்கிளையும் சேக்கற இடத்துல போடலாம். இவங்க ஹைட்ராலிக் ஜாக்கியை ஷாக் உடம்புல முட்டுக் குடுத்துத் தள்ளியிருக்காங்க. பெயின்ட் உரிஞ்சு, ஜாக்கி முனை பதிஞ்ச தடம் இப்பவும் அங்க இருக்கு. ஷாக் டியூப் கொஞ்சம் வளைஞ்சாலும் உள்ள ராடு ஒரு பக்கமா உரசும், சீல் போகும், ஆயில் கசியும். ரெண்டாயிரம் ரூபாய் வாங்கிட்டு நல்ல ஷாக்கைக் கெடுத்திருக்காங்க.

அடுத்தது டை ராட் எண்டு, டை ராடோட நுனியில இருக்கற பந்து மூட்டு, 2,200. மாத்தவே இல்ல! இடது பக்கம் அதே பழைய எண்டு, அதை மூடற ரப்பர் உறையில (பூட்டு) அதே வெடிப்பு, வெடிப்பைச் சுத்தி காஞ்ச கிரீசும் மண்ணும். புது எண்டு போட்டிருந்தா பூட்டு பளபளன்னு இருக்கும், நட்டு புதுசா இருக்கும், காட்டர் பின்னு புதுசா மடிச்சிருக்கும். வலது பக்கம் லாக் நட்டுல மட்டும் புது ஸ்பேனர் தடம். இடது லாக் நட்டு மேல படிஞ்ச சேறு கலையவே இல்ல. அதாவது வலது பக்கத்தை மட்டும் திருகியிருக்காங்க. வழக்கமா இப்படிப் பண்றது எதுக்குன்னா, ஒரே பக்கம் திருகினாலும் ஸ்கிரீன்ல மொத்த டோ பச்சை ஆயிரும். ஆனா வண்டி ஓடும்போது ரெண்டு சக்கரமும் அந்த வித்தியாசத்தைப் பாதிப் பாதியாப் பங்கு போட்டுக்கும், அதுக்கு ஏத்த மாதிரி ஸ்டீயரிங் இன்னும் சாயும். 10 டிகிரியா இருந்த கோணல் கூடிப்போச்சு.

கோணல் கூடினதைச் சொன்னதும்தான் பெரிய அநியாயம் நடந்துச்சு. டை ராடுக்குப் போகாம, ஏர்பேக்கைக் கழட்டி, ஸ்டீயரிங்கை ஷாஃப்ட்டுல இருந்து உருவி, ஷாஃப்ட்டுல இருக்கற பல்லு தள்ளி வேற கோணத்துல மாட்டி, "இப்ப நேரா இருக்கு பாருங்க சார்"னு குடுத்துட்டாங்க. இதுக்குப் பேரு ஸ்டீயரிங் சென்டரிங்காம், 1,200 ரூபாயாம். ஏர்பேக் இருக்கற ஸ்டீயரிங்ல கை வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு சில நிமிஷம் காத்திருக்கணும். ஷாஃப்ட்டுலயும் ஸ்டீயரிங்லயும் மார்க் போடணும். உள்ள ஸ்பைரல் கேபிள்னு ஒண்ணு இருக்கு, ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் கரன்ட்டு கொண்டு போற சுருள் பட்டை. அது நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ரெண்டரை சுத்து சுத்தறதுக்குத்தான் நீளம் வச்சிருப்பாங்க. நடுப்புள்ளி தவறி மாட்டினா ஸ்டீயரிங்கை முழு லாக், அதாவது கடைசி வரைக்கும் திருப்பும்போது பட்டை அறுந்துரும். அறுந்துருச்சு. பார்க்கிங்ல வண்டியைத் திருப்பும்போது ஹாரன் செத்துச்சு, ஆடியோ பட்டன் செத்துச்சு, ஏர்பேக் லைட்டு எரிய ஆரம்பிச்சிருச்சு. ஹாரன் இல்லேன்னா உடனே தெரியும். ஏர்பேக் வேலை செய்யாதுன்னு மோதுற அன்னைக்குத்தான் தெரியும். அந்த லைட்டோட ஒரு குடும்பத்தை ரோட்டுல அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.

ஸ்டீயரிங்கை நேரா மாட்டினாலும் அடியில ரேக் நடுவுல இல்ல. இடது பக்கம் லாக் வரைக்கும் ஒரு அளவு, வலது பக்கம் வேற அளவு. யூ டர்ன் ஒரு பக்கம் அகலமா அடிக்குது. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்ல ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்குன்னு அளக்கற ஆங்கிள் சென்சார் இருக்கற வண்டின்னா அதுக்கும் நடுப்புள்ளி குழம்பும், வளைவுல திரும்பி நேராகறது ஒரு பக்கம் சுணங்கும்.

அப்புறம் நடந்த பேச்சைக் கேளுங்க. முதல்ல "ரோடு சரிவு சார், நம்ம ஊரு ரோடே அப்படித்தான்". ரோட்டுச் சரிவுக்கு வண்டி லேசா இடது பக்கம் போகும், உண்மைதான். ஆனா சமமான தரையிலயும் ஸ்டீயரிங் கோணலா நின்னா அதுக்கு ரோடு காரணம் இல்ல. அடுத்தது "200 கிலோமீட்டர் ஓட்டுங்க, செட் ஆயிரும்". அலைன்மென்ட் ஓட ஓட செட் ஆகறதெல்லாம் கிடையாதுங்க. ஏர்பேக் லைட்டைக் காட்டினா, "அது முன்னாடியே இருந்திருக்கும் சார், நாங்க எலக்ட்ரிக்கல் தொடறதே இல்ல". ஸ்டீயரிங்கைக் கழட்டினதுக்கு 1,200 ரூபாய் பில் போட்ட அதே கடை! வேலைக்கு முன்னாடி, பின்னாடி எடுத்த ரீடிங் கேட்டா பிரிண்டர் ரிப்பேர். பழைய டை ராட் எண்டைக் கேட்டா ஸ்கிராப்புல போட்டாச்சு. மேனேஜர் மீட்டிங்ல. இப்போ போனே எடுக்கறதில்ல. 7,400 ரூபாய் வாங்கும்போது எல்லாரும் இருந்தாங்க.

கடைசியில சரி பண்ணது ஒரு தகரக் கூரை போட்ட சின்னக் கடை. அந்த அண்ணன் முதல்ல ஸ்டீயரிங்கைப் பழைய பல்லுக்கே மாத்தினாரு. லாக்குல இருந்து லாக் வரைக்கும் சுத்து எண்ணி ரேக்கை நடுவுக்குக் கொண்டு வந்து, சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவுல ஹோல்டரை முட்டுக் குடுத்து நிறுத்தினாரு. பின் ஆக்சில் எந்தப் பக்கம் பாக்குதுன்னு ரீடிங் எடுத்தாரு, ஏன்னா பின்னாடி பீம் கோணலா இருந்தா முன்னாடி எவ்வளவு சரி பண்ணினாலும் ஸ்டீயரிங் சாயத்தான் செய்யும். ரேக்கை மூடற ரப்பர் உறையோட கிளிப்பைத் தளர்த்திட்டு, உறை முறுக்கிக்காம ரெண்டு டை ராடையும் திருப்பி, லாக் நட்டு இறுக்கினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை ரீடிங் பாத்தாரு. இறுக்கும்போதே டோ கொஞ்சம் நகந்துரும்னு நிறையப் பேரு மறந்துடறாங்க. கூலி 500 ரூபாய். ஸ்பைரல் கேபிள் செலவு தனி, அது இன்னும் வரல.

நிறைய எழுதணும்னு உக்காந்தேன், கோவத்துல முடியல. இதை மட்டும் செய்யுங்க. ஸ்கிரீன் சிவப்பாக் காட்டினா, வண்டியை உருட்டினீங்களா, மாடல் சரியாப் போட்டீங்களான்னு கேளுங்க. முன்னாடி எடுத்த ரீடிங், பின்னாடி எடுத்த ரீடிங் ரெண்டும் பிரிண்டா இல்லாட்டி போன்ல போட்டோவாக் கைக்கு வராம காசு குடுக்காதீங்க. பார்ட்ஸ் மாத்தினா பழசைக் கையில வாங்குங்க. வண்டி இழுக்குதுன்னா முதல்ல முன் டயர் ரெண்டையும் பக்கம் மாத்திப் பாருங்க, இழுப்பும் பக்கம் மாறினா கோளாறு டயர்லதான். ஆனா டயர்ல ஓடற திசை அம்புக்குறி போட்டிருந்தா அப்படி மாத்தாதீங்க. கோணலைச் சரி பண்ண யாராவது ஸ்டீயரிங் நடுவுல இருக்கற கவர் மேல கை வச்சா, அங்கயே நிறுத்திட்டு வண்டியை எடுத்துட்டு வந்துருங்க. ஏற்கெனவே கழட்டிட்டாங்கன்னா, ஏர்பேக் லைட்டு சாவி போட்டதும் எரிஞ்சு அணையுதான்னு கடை வாசல்லயே பாத்துட்டுக் கிளம்புங்க.