ஜெனரிக் டைப்பை ரன்டைமில் எப்படிக் கேட்பது: ஜாவா, காட்லின், சி ஷார்ப்

ஜாவாவில் ஸ்ட்ரிங்குக்கு ஓர் அரேலிஸ்ட், இன்டிஜருக்கு ஓர் அரேலிஸ்ட் உருவாக்கி, இரண்டின் கிளாஸும் ஒன்றா என்று கேட்டால் ஆமாம் என்றே பதில் வரும். 2004இல் ஜாவா 5உடன் ஜெனரிக்ஸ் (பட்டியல் போன்றவற்றுக்குள் எந்த டைப் இருக்கும் என்று குறிப்பிடும் வசதி) வந்தபோது, பழைய கோடும் புதிய கோடும் சேர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக, கம்பைலர் டைப்பைச் சரிபார்த்துவிட்டு அழித்துவிடும்படி அமைத்தார்கள். 2005இல் வந்த சி ஷார்ப் 2.0இல் ரன்டைமுக்கே, அதாவது புரோகிராமை ஓட்டும் அமைப்புக்கே, டைப் தெரியும். டைப்ஆஃப்(டி) என்று நேராகக் கேட்கலாம்; டி என்பது பின்னால் வரப்போகும் டைப்புக்கான இடப்பெயர், அதாவது டைப் பாராமீட்டர். லிஸ்ட்<இன்ட்> பாக்ஸிங் (எண்ணை ஓர் ஆப்ஜெக்ட்டுக்குள் பொதிவது) இல்லாமல் ஓடும். பதிலுக்கு, பழைய கலெக்‌ஷன் கிளாஸ்களும் புதியவையும் இரண்டு தொகுப்புகளாக நின்றுவிட்டன.

ஆனால் ஜாவாவில் எல்லாமே அழிந்துவிடுகிறது என்பது பாதி உண்மைதான். ஆப்ஜெக்ட்டிடம் விவரம் இல்லை, சரி. ஃபீல்டு, மெத்தட், சூப்பர்கிளாஸ் ஆகியவற்றின் அறிவிப்பில் எழுதிய டைப் கிளாஸ் ஃபைலில் அப்படியே இருக்கும், புரோகிராம் தன் கிளாஸ்களையே ஆராய உதவும் ரிஃப்ளெக்‌ஷனில் படிக்கலாம். ஜேசன் (தரவை எழுத்தாகப் பரிமாறும் வடிவம்) படிக்கும் நூலகங்களான ஜீசானின் டைப்டோக்கனும் ஜாக்சனின் டைப்ரெஃபரன்ஸும் இதை வைத்துத்தான் பிழைக்கின்றன. அவற்றை உருவாக்கும்போது கடைசியில் போடும் வெற்று {} அடைப்பு ஒரு பெயரில்லாத சப்கிளாஸை உருவாக்குகிறது. அதன் சூப்பர்கிளாஸ் அறிவிப்பில் முழு டைப்பும் பதிந்திருக்கும். பார்க்க அசிங்கம், வேலை கச்சிதம்.

இதற்குப் பதில் வெறும் லிஸ்ட் கிளாஸைக் கொடுத்தால் ஜேசன் சத்தமில்லாமல் மேப்களின் பட்டியலாக வந்து சேரும். அப்புறம் எங்கோ தொலைவில், ஓர் உறுப்பை எடுத்து உங்கள் டைப்பாகப் பயன்படுத்தும் வரியில், கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வெடிக்கும். இருந்தாலும் டோக்கன் சர்வரோக நிவாரணி இல்லை: ஜெனரிக் மெத்தடுக்குள் டி என்று எழுதி டோக்கன் செய்தால் அதில் வெறும் டி மட்டுமே சிக்கும்.

காட்லினின் ரீஃபைடு (டைப் பாராமீட்டரை ரன்டைமிலும் தெரியவைக்கும் குறிச்சொல்) இன்னொரு தந்திரம். இன்லைன் ஃபங்ஷனின் கோடை, அதை அழைக்கும் இடத்திலேயே உண்மையான டைப்போடு கம்பைலர் ஒட்டிவிடும். அழைப்பவருக்கு இதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் கிளாஸின் டைப் பாராமீட்டரை ரீஃபைடு ஆக்க முடியாது. ஜாவாவிலிருந்து அந்த ஃபங்ஷனை அழைக்கவும் முடியாது. டி-யின் இடத்தில் லிஸ்ட்<ஸ்ட்ரிங்> வந்தால், கிளாஸைக் கேட்கும்போது லிஸ்ட் மட்டுமே கிடைக்கும். முழு விவரத்துக்கு டைப்ஆஃப் ஃபங்ஷனிடம் போக வேண்டும்.

ரன்டைமில் டைப்பை அடிக்கடி கேட்கும் ஃபிரேம்வொர்க் எழுதுவதாக இருந்தால் என் ஓட்டு சி ஷார்ப்புக்கு. ஜாவாவில், ஒற்றை கிளாஸ் போதுமென்றால் கிளாஸ் ஆப்ஜெக்ட்டையே பாராமீட்டராக வாங்குங்கள். பட்டியலுக்குள் டைப் என்று வரும்போது மட்டும் டோக்கன். காட்லினில் இந்த வேலையையெல்லாம் செய்யும் சாதாரண ஃபங்ஷனை முதலில் எழுதி, அதன்மேல் ஒரு வரி ரீஃபைடு உறை போட்டால் ஜாவாக்காரர்களுக்கும் வழி அடைபடாது.