ஒளிவகையா, அயனிவகையா? புகை உணர்விகள் ஓர் ஒப்பீடு

ஒளிவகை உணர்விக்குள் வெளிச்சம் புகாத, வளைந்து நெளிந்த கறுப்பு அறை இருக்கும். அதில் அகச்சிவப்பு எல்இடியும் ஒளியை உணரும் டையோடும் நேருக்கு நேர் பார்க்காமல் கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கும். புகைத்துகளில் பட்டுச் சிதறும் ஒளிதான் டையோடை எட்டும்; எட்டினால் அலாரம் அலறும். மெத்தையோ ஒயரோ கனன்று புகையும்போது முந்திக்கொள்வது இதுதான். படுக்கையறைக்கு யோசிக்காமல் இதையே மாட்டலாம்.

அயனிவகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் காற்றை அயனியாக்கும், அதாவது மின்னூட்டம் பெறச் செய்யும்; அதனால் காற்றின் வழியே சிறு மின்னோட்டம் ஓடும். புகையின் நுண்துகள் புகுந்தால் அந்த மின்னோட்டம் குறையும்; அலாரம் அலறும். கொழுந்துவிடும் தீயில் சற்று வேகம். ஆனால் அடுப்பங்கரைப் பக்கம் வைத்தால் எண்ணெய் காய்ந்தாலே அலறும்.

ஒளிவகையின் எதிரிகள் நீராவி, தூசி, சின்னப் பூச்சி. அறைச் சுவரில் படிந்த தூசியும் ஒளியைச் சிதறடிக்கும். வெளித்துளைகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். வாயால் ஊதினால் தூசி உள்ளேதான் போகும். நீல ஒளியும் சேர்ந்த மாடல்கள் இரு சிதறல்களையும் ஒப்பிட்டு, பருத்த நீராவித் துளியைப் புகையிலிருந்து பிரித்துவிடும்.